செக்யூரிட்டி வேலிடேஷன் எர்ரர்: ஷேர்பாயின்ட் கோட்ல இது ஏன் வருது, எங்க தேடணும்

மைக்ரோசாஃப்ட்டோட ஆபீஸ் போர்ட்டல் சாஃப்ட்வேரான ஷேர்பாயின்ட்ல கோட் எழுதுறவங்க யாரா இருந்தாலும் ஒரு நாள் இதுல மாட்டாம இருக்க முடியாது. கன்சோல் அப்ளிகேஷனா எழுதி ஓட்டிப் பாத்தப்ப லிஸ்ட்ல ஐட்டம் அழகா அப்டேட் ஆகியிருக்கும், அதே பத்து வரிய அப்படியே தூக்கி ஒரு வெப் பார்ட்டுக்குள்ள (ஷேர்பாயின்ட் பக்கத்துல வைக்கற ஒரு துண்டு) போட்டு பக்கத்துல பட்டன கிளிக் பண்ணா, இந்தப் பக்கத்தோட செக்யூரிட்டி வேலிடேஷன் செல்லாது, பிரௌசர்ல பேக் போய் ரெஃப்ரெஷ் பண்ணிட்டு மறுபடி முயற்சி பண்ணுங்கனு ஒரு மெசேஜ் வந்து நிக்கும். பேக் போய் ரெஃப்ரெஷ் பண்ணா மறுபடியும் அதேதான் வரும். ஏன்னா அந்த அறிவுரை பக்கத்த யூஸ் பண்றவருக்கு எழுதினது, கோட் எழுதினவருக்கு இல்ல.

உடனே எல்லாரும் பண்றது ஒண்ணுதான். மெசேஜ காப்பி பண்ணித் தேடுவாங்க, முதல்ல வர்ற பதில்ல, இந்த செக்க நிறுத்தி வைக்கற அலோஅன்சேஃப்அப்டேட்ஸ்ங்கற ப்ராப்பர்ட்டிய ட்ரூ ஆக்குனு ஒரு வரி இருக்கும், அதப் போட்டதும் எர்ரர் போயிடும், டிக்கெட்ட மூடிட்டுக் கிளம்பிடுவாங்க. அந்த ப்ராப்பர்ட்டியோட பேர்லயே அன்சேஃப்னு இருக்கே, அத ஏன் அந்தப் பேர்ல வச்சாங்கனு நின்னு யோசிக்கறவங்க கம்மி. என்னக் கேட்டா இந்த எர்ரர் வர்றதுல பெரும்பாலான நேரம் எர்ரர் சொல்றதுதான் சரி, நம்ம கோட்தான் தப்பு.

முதல்ல ஒரு குழப்பத்தத் தீர்த்துக்கணும். இது பர்மிஷன் எர்ரர் இல்ல. அந்த யூசருக்கு அந்த லிஸ்ட்ல ஃபுல் கன்ட்ரோல் இருந்தாலும், ஏன் எல்லா சர்வரையும் சேத்துப் பாத்துக்கற ஃபார்ம் அட்மினே வந்து உக்காந்தாலும், இந்த எர்ரர் வரும். பர்மிஷன் செக் கேக்கறது "இவர் இதப் பண்ணலாமா"னு. செக்யூரிட்டி வேலிடேஷன் கேக்கறது "இதப் பண்ணணும்னு இவரேதான் கேட்டாரா"னு. ரெண்டும் வேற வேற கேள்வி, முதல் கேள்விக்கு எவ்வளவு பதில் சொன்னாலும் ரெண்டாவது கேள்வி அப்படியேதான் நிக்கும். குரூப்ல சேத்துப் பாக்கறது, சைட் கலெக்ஷன் அட்மின் ஆக்கிப் பாக்கறதுனு பாதி நாள் வீணாப் போறது இதத் தெரியாமதான்.

ரெண்டாவது கேள்விய எதுக்குக் கேக்கணும்? பிரௌசரோட ஒரு பழைய குணம்தான் காரணம். நீங்க ஆபீஸ் போர்ட்டல்ல லாகின் ஆகியிருக்கீங்க, பக்கத்து டேப்ல வேற ஏதோ ஒரு பக்கம் திறந்திருக்கு, அந்தப் பக்கத்துல ஒரு படத்தோட முகவரியா உங்க போர்ட்டலோட ஒரு லிங்க்க யாரோ போட்டு வச்சிருக்காங்கனு வைங்க. படம் காட்டணுமேனு பிரௌசர் அந்த லிங்க்குக்கு ரிக்வெஸ்ட் அனுப்பும், அனுப்பும்போது நீங்க லாகின் ஆனதுக்கு அடையாளமான போர்ட்டல் குக்கியையும் சேத்தே அனுப்பும், போர்ட்டல் பக்கம் இருந்து பாத்தா இது நீங்களே கேட்ட மாதிரிதான் தெரியும். அந்த லிங்க் ஏதாவது ஒரு ஐட்டத்த டிலீட் பண்ற லிங்க்கா இருந்தா, உங்க பேர்ல உங்க கண் முன்னாடியே டிலீட் ஆகும், உங்களுக்கே தெரியாது. இதுக்கு கிராஸ் சைட் ரிக்வெஸ்ட் ஃபோர்ஜரினு 2001ல பேர் வந்துச்சு, சுருக்கமா சிஎஸ்ஆர்எஃப். வெப் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்ப் வெளியிடற ஆபத்துகளோட டாப் டென் லிஸ்ட்ல 2007, 2010, 2013 மூணு தடவையும் இது தனி இடத்துல இருந்துச்சு, 2017ல லிஸ்ட்ட விட்டுப் போச்சு. போனதுக்குக் காரணம் பெரும்பாலான ஃபிரேம்வொர்க்குகள் இதுக்கான தடுப்ப உள்ளயே கட்டி வச்சுட்டதுதான். நம்மள எரிச்சல் படுத்தற இந்த எர்ரரும் அந்தத் தடுப்புல ஒண்ணுதான்.

பக்கத்தத் திறக்கவோ படம் எடுக்கவோ பிரௌசர் அனுப்பற கெட் ரிக்வெஸ்ட்ல எதையும் மாத்தக்கூடாதுங்கறது இதவிடப் பழைய விதி. 1999ல வந்த எச்டிடிபி 1.1 ஸ்டாண்டர்ட்லயே கெட் வெறுமனே எடுத்துக் காட்டத்தான், வேற எந்தக் காரியமும் பண்ணக்கூடாதுனு எழுதியிருக்கு. யாரும் பெருசா மதிக்கல. 2005 மே மாசம் கூகுள் வெப் ஆக்சிலரேட்டர்னு ஒண்ண விட்டாங்க, பக்கத்துல இருக்கற லிங்க்கையெல்லாம் நீங்க கிளிக் பண்றதுக்கு முன்னாடியே போய் எடுத்து வச்சு வேகமா காட்டுறதுதான் அதோட வேலை. பேஸ்கேம்ப் மாதிரி அப்ளிகேஷன்கள்ல டிலீட் ஒரு சாதா லிங்க்கா இருந்துச்சு, ஆக்சிலரேட்டர் அதையும் சமத்தா முன்கூட்டியே "கிளிக்" பண்ணி வச்சுருச்சு, ஜனங்க டேட்டா காணாமப் போச்சு. அங்க ஹேக்கர்னு ஒருத்தருமே இல்ல, ஒரு நல்ல டூலே போதுமா இருந்துச்சு. அதனால ஷேர்பாயின்ட் கெட் ரிக்வெஸ்ட்ல வர்ற அப்டேட்ட தடுக்குதேனு கோவப்படறவங்க இந்தக் கதையத் தெரிஞ்சுக்கறது நல்லது.

சரி, ஷேர்பாயின்ட் இத எப்படிச் செய்யுதுனு பாப்போம். கெட் ரிக்வெஸ்ட்ல டேட்டாபேஸ்ல எழுதப் போனா நேரா தடுத்துரும், அதுக்கு மெசேஜும் கொஞ்சம் வேற, கெட் ரிக்வெஸ்ட்ல அப்டேட் அனுமதி இல்லனு வெளிப்படையாவே சொல்லிரும். ஃபார்ம சப்மிட் பண்ணும்போது போற போஸ்ட் ரிக்வெஸ்ட்டா இருந்தா கூடவே ஒரு டைஜெஸ்ட் வந்திருக்கானு பாக்கும். டைஜெஸ்ட்ங்கறது சர்வர் பக்கத்தக் குடுக்கும்போதே ஒரு ஹிட்டன் ஃபீல்டுல வச்சு அனுப்பற நீளமான ஒரு சரம், ஃபார்ம் சப்மிட் ஆகும்போது அது திரும்பி வரும், சர்வர் நான் குடுத்ததுதானானு சரி பாத்துக்கும். ரேஷன் கடையில பொங்கல் பரிசுக்கு டோக்கன் குடுப்பாங்களே, இந்த கார்டுக்கு, இந்தக் கடையில, இந்த நாள் இந்த நேரத்துக்குனு, அதே மாதிரி இந்த டைஜெஸ்ட்டும் மூணு விஷயத்தோட கட்டியிருக்கும்: எந்த யூசர், எந்த சைட், எவ்வளவு நேரம். மூணுல ஒண்ணு பொருந்தலனாலும் செல்லாது. அடுத்த டேப்ல இருக்கற திருட்டுப் பக்கத்தால உங்க குக்கிய பிரௌசர் மூலமா அனுப்ப வைக்க முடியும், ஆனா உங்க பக்கத்துக்குள்ள இருக்கற டைஜெஸ்ட்ட படிக்க முடியாது, ஒரு சைட் இன்னொரு சைட்டோட உள்ளடக்கத்தப் படிக்க பிரௌசர் விடாது. பாதுகாப்பு மொத்தமும் அந்த ஒரு விஷயத்துல நிக்குது.

இப்ப கன்சோல் அப்ளிகேஷன்ல ஏன் வேலை செஞ்சுதுனு புரியும். அங்க பிரௌசரே இல்ல, எச்டிடிபி கான்டெக்ஸ்ட்டும் (நடப்பு வெப் ரிக்வெஸ்ட்டோட விவரம்) இல்ல, யாரையும் ஏமாத்தி ஒரு லிங்க்க கிளிக் பண்ண வைக்கற வழியே கிடையாது, அதனால ஷேர்பாயின்ட் இந்தக் கேள்வியையே கேக்காது. பவர்ஷெல்லும் அப்படித்தான், குறிச்ச நேரத்துல சர்வர் தானா ஓட்டற டைமர் ஜாபும் அப்படித்தான். ஒரு ஃபீச்சர ஆன் பண்ணும்போது ஓடற ஃபீச்சர் ரிசீவர்ல பவர்ஷெல் வழியா ஆக்டிவேட் பண்ணா ஒழுங்கா ஓடற கோட், சைட் செட்டிங்ஸ் பக்கத்துல போய் ஆக்டிவேட் பண்ணா விழறதும் இதனாலதான். "என் கோட் சரி, ஏன்னா கன்சோல்ல ஓடுது"ங்கற வாதம் இந்த விஷயத்துல எதையும் நிரூபிக்காது.

எங்கெல்லாம் இது வெடிக்கும்னு பாத்தா, ரொம்ப சாதாரணமானது பேஜ் லோட்ல எழுதறது. பக்கத்த எத்தன பேர் பாத்தாங்கனு கணக்கு, கடைசியா யார் வந்தாங்கங்கற பதிவு, லிஸ்ட் இல்லனா பக்கம் திறக்கும்போதே உருவாக்கிக்கறதுனு ஆசையா எழுதி வச்சிருப்பாங்க. பக்கத்தத் திறக்கறதே ஒரு கெட் ரிக்வெஸ்ட், அதனால தடுக்குது. இதுக்கு முதல் மருந்து அந்த எழுதற வேலைய பட்டன் கிளிக்குக்கு நகத்தறது, அது முடியாதுனா, லிஸ்ட் உருவாக்கற மாதிரி வேலைய ஃபீச்சர் ஆக்டிவேஷனுக்கோ டைமர் ஜாபுக்கோ தள்ளறது. வியூ கவுன்ட் மாதிரி சில்லறை விஷயத்துக்கு அலோஅன்சேஃப்அப்டேட்ஸ் போட்டா பெரிய ஆபத்து ஒண்ணும் இல்லதான், வெளியாள் ஒருத்தர் லிங்க் வச்சு உங்க கவுன்ட்ட ஏத்தி விட்டுட்டுப் போகட்டும். ஆனா முகவரியில வர்ற ஐடிய எடுத்து அந்த ஐட்டத்த அப்ரூவ் பண்ற பக்கம், மெயில்ல "அப்ரூவ் பண்ண இங்க கிளிக் பண்ணுங்க"னு லிங்க் போற பக்கம், இதுல போய் அந்த வரியப் போட்டீங்கனா முன்னாடி சொன்ன பட லிங்க் கதை அப்படியே உங்க வீட்ல நடக்கும்.

ரெண்டாவது, போஸ்ட்தான், ஆனா டைஜெஸ்ட்டே இல்ல. ஷேர்பாயின்ட்டோட மாஸ்டர் பேஜ (எல்லா பக்கத்துக்கும் பொதுவான சட்டம்) யூஸ் பண்ற பக்கத்துல ஃபார்ம் டைஜெஸ்ட் கன்ட்ரோல் ஏற்கனவே இருக்கும், அதனால யாரும் அதக் கவனிக்கறதே இல்ல. லேஅவுட்ஸ் ஃபோல்டர்ல சொந்தமா ஒரு வெறும் ஏஎஸ்பிஎக்ஸ் பக்கம் போட்டு, மாஸ்டர் பேஜ் எதுக்கு பாரம்னு விட்டீங்கனா, அந்த கன்ட்ரோலும் கூடவே போயிடும். ஃபார்முக்குள்ள அந்த ஒரு கன்ட்ரோல வச்சா பிரச்சினை முடிஞ்சுது. சொந்தமா எழுதின மாஸ்டர் பேஜ்லயும் டிசைனர் சுத்தம் பண்றேன்னு அதத் தூக்கிடறது உண்டு. பிரௌசர்ல வியூ சோர்ஸ் போய் ரிக்வெஸ்ட் டைஜெஸ்ட் ஃபீல்டு இருக்கா, மதிப்பு காலியா இல்லாம இருக்கானு பாத்தா அரை நிமிஷத்துல தெரிஞ்சுரும்.

மூணாவதுதான் உண்மையிலேயே மண்டைய உடைக்கறது: ரன்வித்எலிவேட்டட்பிரிவிலேஜஸ். சாதா யூசருக்கு எழுத உரிமை இல்லாத ஒரு லிஸ்ட்ல, ஆடிட் லாக் மாதிரி எதாவது ஒண்ணுல, அவர் சார்பா எழுதணும், அதனால உரிமைய உசத்தி ஓட்டுவோம்னு இதப் போடுவாங்க. உள்ள கோட் ஆப் பூல் அக்கவுன்ட்டா, அதாவது ஷேர்பாயின்ட் சிஸ்டம் அக்கவுன்ட்னு காட்டற சர்வரோட சொந்த அக்கவுன்ட்டா ஓடும். இப்ப போஸ்ட்ல வந்த டைஜெஸ்ட் யாருக்குக் குடுத்தது? லாகின் ஆன யூசருக்கு. எழுதப் போறது யாரு? சிஸ்டம் அக்கவுன்ட். டோக்கன்ல இருக்கற பேர் ஒண்ணு, கியூல நிக்கற ஆள் வேற, பொருந்தாது, எர்ரர். பட்டன் கிளிக்தான், போஸ்ட்தான், டைஜெஸ்ட்டும் இருக்கு, அப்பறம் ஏன் வருதுனு தலைய சொறியறவங்களுக்கு விடை இதுதான்.

இதுல இன்னொரு கண்ணியும் இருக்கு. உசத்தின பிளாக்குக்குள்ள போய், வெளிய ஏற்கனவே எடுத்து வச்ச எஸ்பிவெப் ஆப்ஜெக்ட்டையோ (கோட்ல ஒரு சைட்டக் குறிக்கறது) எஸ்பிகான்டெக்ஸ்ட்ல (நடப்பு ரிக்வெஸ்ட்டுக்கு ஷேர்பாயின்ட் குடுக்கறது) இருக்கற கரன்ட் வெப்பையோ யூஸ் பண்ணா உரிமை உசரவே உசராது, அந்த ஆப்ஜெக்ட்டுங்க பிறக்கும்போதே பழைய யூசரோட அடையாளத்தோடதான் பிறந்துருக்கு. உள்ளயே ஐடிய வச்சு புது எஸ்பிசைட் (சைட் கலெக்ஷனக் குறிக்கறது), அதுலேருந்து புது எஸ்பிவெப் திறக்கணும், திறந்தத மூடணும், ஆனா எஸ்பிகான்டெக்ஸ்ட் குடுத்தத நாம மூடவே கூடாது, அது நம்ம சொத்து இல்ல. புதுசா திறந்த எஸ்பிவெப்ல எழுதப் போகும்போதுதான் மேல சொன்ன பேர் பொருந்தாமை வருது. ஆக, ஆப்ஜெக்ட்ட தப்பா எடுத்தா ஆக்சஸ் டினைட், சரியா எடுத்தா செக்யூரிட்டி வேலிடேஷன் எர்ரர். முன்னேறினவங்களுக்குத்தான் ரெண்டாவது எர்ரர் வருதுனு ஒரு வகையில சந்தோஷப்பட்டுக்கலாம்.

சரியான வரிசை மைக்ரோசாஃப்ட்டே சொல்றதுதான்: உசத்தறதுக்கு முன்னாடி, யூசர் இன்னும் யூசராவே இருக்கும்போது, டைஜெஸ்ட்ட சரி பாக்கற வேலிடேட்ஃபார்ம்டைஜெஸ்ட்ட கூப்பிடுங்க. அந்த இடத்துல டைஜெஸ்ட்டும் ஆளும் பொருந்தும், இவர்தான் கேட்டார்ங்கறது உறுதி ஆயிடும். அதுக்கப்பறம் உசத்தின பிளாக்குக்குள்ள புது எஸ்பிவெப்ல அலோஅன்சேஃப்அப்டேட்ஸ ட்ரூ ஆக்கினா அதுல தப்பே இல்ல, ஏன்னா கேக்க வேண்டிய கேள்விய நீங்களே முன்னாடியே கேட்டுட்டீங்க. அந்த ஒரு வரிய விட்டுட்டு நேரா ட்ரூ ஆக்கினீங்கனா, யாரோ ஏமாத்தி அனுப்ப வச்ச ரிக்வெஸ்ட் சிஸ்டம் அக்கவுன்ட் உரிமையோட உள்ள ஓடும், இதவிட மோசமான கூட்டணி ஷேர்பாயின்ட்ல இல்ல. ரிவ்யூ பண்ணும்போது இந்த ரெண்டையும் சேத்துப் பாத்தா மேல வேலிடேட் வரி இருக்கானு தேடற பழக்கம் டீம்ல வந்துட்டாலே பாதி பயம் போயிடும். கூடவே ஒரு சின்ன விளைவு, இப்படி எழுதின ஐட்டத்துல மாடிஃபைட் பைல சிஸ்டம் அக்கவுன்ட்னு வரும், யார் செஞ்சதுனு தெரியணும்னா அந்த யூசர் பேர தனி காலத்துல நீங்கதான் எழுதி வைக்கணும்.

நாலாவது வகை, ட்ரூ ஆக்கியும் எர்ரர் போகல. இது வரும்போது ஜனங்க ஷேர்பாயின்ட்டையே சந்தேகப்படுவாங்க. பெரும்பாலும் காரணம், ட்ரூ ஆக்கின எஸ்பிவெப் ஒண்ணு, அப்டேட் ஆகற லிஸ்ட் பிறந்த எஸ்பிவெப் இன்னொண்ணு. ரெண்டும் ஒரே முகவரி, ஆனா மெமரில ரெண்டு ஆப்ஜெக்ட், ஒண்ணுல மாத்தினது இன்னொண்ணுக்குத் தெரியாது. லிஸ்ட்டோட பேரன்ட்வெப்ல போய் ட்ரூ ஆக்கிப் பாருங்க, பெரும்பாலும் அங்கயே தீரும். இன்னொரு காரணம் இன்னும் வேடிக்கையானது: நீங்க ட்ரூ ஆக்கினீங்க, அப்பறம் ஐட்டத்துக்குத் தனி பர்மிஷன் குடுக்க பிரேக்ரோல்இன்ஹெரிட்டன்ஸ் கூப்பிட்டீங்க, அது முடிஞ்சதும் அந்த ப்ராப்பர்ட்டி சத்தமில்லாம மறுபடி ஃபால்ஸ் ஆயிடும், அடுத்த வரில ரோல் சேக்கும்போது எர்ரர். டீபக்கர்ல ஒவ்வொரு வரியா போய் அந்த மதிப்பப் பாத்தாதான் நம்புவீங்க. இன்ஹெரிட்டன்ஸ் உடைச்ச பிறகு மறுபடி ஒரு தடவ ட்ரூ ஆக்கறதத் தவிர இதுக்கு அழகான வழி ஒண்ணும் இல்ல.

எப்படியும் ட்ரூ ஆக்கறதுனு முடிவு பண்ணிட்டீங்கனா பழைய மதிப்ப ஒரு வேரியபிள்ல எடுத்து வச்சுட்டு, வேலைய ட்ரைக்குள்ள செஞ்சு, ஃபைனலில பழைய மதிப்பையே திரும்பப் போடுங்க, குருட்டாம்போக்குல ஃபால்ஸ்னு போடாதீங்க, உங்களக் கூப்பிட்ட கோட் ஏற்கனவே ட்ரூ ஆக்கி வச்சிருந்தா அத நீங்க உடைச்சுடுவீங்க. கரன்ட் வெப் அந்த ரிக்வெஸ்ட் முழுக்க பக்கத்துல இருக்கற மத்த வெப் பார்ட்டுகளும் பகிர்ந்துக்கற ஆப்ஜெக்ட், நீங்க திறந்து விட்ட கதவு அவங்களுக்கும் திறந்தேதான் கிடக்கும்.

இதத் தாண்டி ரெண்டு மருந்து சுத்திட்டு இருக்கு, ரெண்டையும் தொடாதீங்க. ஒண்ணு, சென்ட்ரல் அட்மினிஸ்ட்ரேஷன்ல வெப் அப்ளிகேஷன் ஜெனரல் செட்டிங்ஸ்ல வெப் பேஜ் செக்யூரிட்டி வேலிடேஷன ஆஃப் பண்றது. எர்ரர் போயிடும், கூடவே அந்த வெப் அப்ளிகேஷன்ல இருக்கற எல்லா சைட்டுக்கும் பாதுகாப்பு போயிடும், உங்க ஒரு வெப் பார்ட்டுக்காக எச்ஆர் சைட்டும் ஃபைனான்ஸ் சைட்டும் திறந்து கிடக்கும். இன்னொண்ணு, கோட்ல எச்டிடிபி கான்டெக்ஸ்ட்ட தற்காலிகமா நல் ஆக்கிட்டு எழுதிட்டு அப்பறம் திரும்ப வைக்கறது, அதாவது நான் கன்சோல் அப்ளிகேஷன்தான்னு வேஷம் போடறது. வேலை செய்யும். நடுவுல எக்செப்ஷன் வந்து கான்டெக்ஸ்ட் திரும்ப வராமப் போச்சுனா அந்தப் பக்கத்துல அதுக்கப்பறம் என்னென்ன விழும்னு சொல்லவே முடியாது, ஆறு மாசம் கழிச்சு அதக் கண்டுபிடிக்கப் போறவர் பாவம்.

நேரம் பத்தின பிரச்சினை தனி ரகம், கோட்ல தேடினா கிடைக்காது. டைஜெஸ்ட்டோட ஆயுள் டீஃபால்ட்டா 30 நிமிஷம். நீளமான ஃபார்ம திறந்து வச்சுட்டு சாப்பிடப் போயிட்டு முக்கால் மணி நேரம் கழிச்சு வந்து சப்மிட் குடுத்தா செல்லாதுதான் வரும், இந்தத் தடவ மட்டும் பேக் போய் ரெஃப்ரெஷ் பண்ணுங்கற அறிவுரை சரி. "எப்பவாவது வருது, எனக்கு வரல, அவருக்கு வருது"னு டிக்கெட் வந்தா முதல்ல இதத்தான் சந்தேகப்படணும். டைஜெஸ்ட் சரத்தோட கடைசில கமாவுக்கு அப்பறம் அது உருவான தேதியும் நேரமும் படிக்கற மாதிரியே எழுதியிருக்கும், ஜிஎம்டி நேரம், நம்ம நேரத்துக்கு 5.30 மணி கூட்டிக்கணும், அதப் பாத்துட்டு சர்வர் நேரம் தப்புனு கத்திடாதீங்க. ஆனா நிஜமாவே லோட் பேலன்சருக்குப் பின்னாடி ரெண்டு மூணு சர்வர் இருந்து ஒண்ணோட கடிகாரம் விலகிப் போயிருந்தா ஒரு சர்வர் குடுத்த டைஜெஸ்ட்ட இன்னொண்ணு ஏத்துக்காமப் போகலாம், அதனால ஃபார்ம்ல, அதாவது உங்க சர்வர் கூட்டத்துல, எல்லா சர்வரும் ஒரே நேர மூலத்தோட சிங்க் ஆகுதானு இன்ஃப்ரா ஆளுங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கறது நல்லது. முன்னாடி ஒரு புராக்ஸி நின்னு ஏஎஸ்பிஎக்ஸ் பக்கத்த முழுசா கேஷ் பண்ணி வேற ஒருத்தருக்குக் குடுத்தாலும் பழைய டைஜெஸ்ட், வேற ஆளோட டைஜெஸ்ட் ரெண்டும் ஒண்ணா வரும்.

இதெல்லாம் சர்வர்ல ஓடற கோட். 2013 வெர்ஷன்லேருந்து ஜாவாஸ்கிரிப்ட்ல ரெஸ்ட் ஏபிஐ வழியா (பிரௌசர்லேருந்தே ரிக்வெஸ்ட் அனுப்பி) எழுதறது வந்தப்பறம் அதே கேள்வி வேற வேஷத்துல வருது. இங்க அனுமதி இல்லங்கற ஸ்டேட்டஸ் 403 வரும், வந்ததும் பர்மிஷன்தான்னு ஓடாதீங்க, பதிலோட உடம்புல இருக்கற எண்ணப் பாருங்க. -2130575252 வந்தா டைஜெஸ்ட் செல்லாது, கெட்டுப்போயிருக்கலாம்னு அர்த்தம், -2130575251 அதோட அண்ணன் தம்பி, அதே செக்யூரிட்டி வேலிடேஷன் குடும்பம். -2147024891 வந்தா அதுதான் நிஜமான ஆக்சஸ் டினைட், பர்மிஷன் ஆளுங்கள அப்ப கூப்பிடுங்க. -2130575305 வந்தா சேவ் கான்ஃப்ளிக்ட், நீங்க படிச்ச பிறகு வேற யாரோ மாத்திட்டாங்க, செக்யூரிட்டிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. 412 வந்தா இஃப்-மேட்ச் ஹெடர்ல குடுத்த ஈடேக் (ஐட்டத்தோட வெர்ஷன் அடையாளம்) பழசு. இந்த எண்ணுங்கள மானிட்டர் ஓரத்துல ஒட்டி வச்சுக்கலாம், அவ்ளோ உபயோகம்.

ரெஸ்ட்ல டைஜெஸ்ட்ட எக்ஸ்-ரிக்வெஸ்ட்டைஜெஸ்ட்ங்கற ஹெடர்ல அனுப்பணும். பழைய உதாரணங்கள் எல்லாத்துலயும் பக்கத்துல இருக்கற ஹிட்டன் ஃபீல்டோட மதிப்ப ஜேகுவெரில எடுத்து ஹெடர்ல வைப்பாங்க, பழைய பாணி கிளாசிக் பக்கத்துல அது வேலை செய்யும், புதுப் பாணி மாடர்ன் பக்கத்துல அந்த ஃபீல்டே கிடையாது, அன்டிஃபைன்ட்னு போய் 403 வாங்கிட்டு வரும். நம்பகமான வழி, எந்த சைட்ல எழுதப் போறீங்களோ அந்த சைட்டோட முகவரியில ஏபிஐக்குக் கீழ இருக்கற கான்டெக்ஸ்ட்இன்ஃபோவுக்கு ஒரு காலி போஸ்ட் அனுப்பி புது டைஜெஸ்ட் வாங்கறது. கெட் அனுப்பாதீங்க, அது போஸ்ட்டுக்குத்தான் பதில் சொல்லும். பதில்ல டைஜெஸ்ட்டும் எத்தன நொடி செல்லும்ங்கறதும் வரும், டீஃபால்ட்டா 1800. இன்னொரு சைட் கலெக்ஷன்ல எழுதும்போது நீங்க நிக்கற பக்கத்தோட டைஜெஸ்ட்ட அனுப்பினா சைட் பொருந்தாம விழும், இந்தத் தப்பு ரொம்ப சகஜம், ஹப் மாதிரி ஒரு சைட்ல நின்னுட்டு பத்து சைட்ல எழுதற டேஷ்போர்ட் எல்லாம் இதுலதான் மாட்டும்.

இங்க ஒரு நியாயமான சந்தேகம் வரும்: கான்டெக்ஸ்ட்இன்ஃபோவ டைஜெஸ்ட் இல்லாமலே கூப்பிடலாம்னா திருட்டுப் பக்கமும் கூப்பிட்டுக்குமே? கூப்பிடலாம், ஆனா பதிலப் படிக்க முடியாது. ஒரு சைட்டோட ஸ்கிரிப்ட் இன்னொரு சைட்டோட பதிலப் படிக்கறத பிரௌசர் தடுக்கும்னு முன்னாடி சொன்னேனே, அது இங்கயும் அதே மாதிரி காவல் நிக்குது. உங்க சைட்டுக்குள்ளயே திருட்டு ஸ்கிரிப்ட் நுழைஞ்சுருச்சுனா மட்டும் இந்தக் காவல் செல்லாது. 2005 அக்டோபர்ல மைஸ்பேஸ்ல சாமினு ஒரு வார்ம் பரவுச்சு, அது முதல்ல பக்கத்தப் படிச்சு அதுல இருந்த டோக்கன எடுத்துக்கிட்டு அதே டோக்கனோட போஸ்ட் பண்ணுச்சு, ஒரு நாளுக்குள்ள பத்து லட்சம் பேருக்கு மேல பரவிருச்சு. அதனால யூசர் டைப் பண்ற எச்டிஎம்எல்ல அப்படியே பக்கத்துல காட்டற வெப் பார்ட் இருந்தா டைஜெஸ்ட் உங்களக் காப்பாத்தாது.

நீண்ட நேரம் திறந்தே கிடக்கற பக்கத்துல டைஜெஸ்ட்ட அப்பப்ப புதுப்பிக்கணும். கிளாசிக் பக்கத்துல இதுக்குனே அப்டேட்ஃபார்ம்டைஜெஸ்ட்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, அது 24 நிமிஷம் தாண்டியிருந்தா புதுசு வாங்கிக்கும், 30க்கு 6 நிமிஷம் முன்னாடியே. ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் முன்னாடி அதக் கூப்பிட்டா போதும். ஷேர்பாயின்ட் ஃபிரேம்வொர்க்ல எழுதறவங்க எஸ்பிஎச்டிடிபிகிளையன்ட் யூஸ் பண்ணா டைஜெஸ்ட்ட அதுவே சேத்துக்கும், அதே ஃபிரேம்வொர்க்ல இருக்கற சாதா எச்டிடிபிகிளையன்ட்டயோ பிரௌசரோட ஃபெட்சயோ யூஸ் பண்ணா சேக்காது, பேர் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கறதால இதுல ஏமாறறவங்க ஜாஸ்தி. பியரர் டோக்கனோட வர்ற ரிக்வெஸ்ட்டுக்கு டைஜெஸ்ட்டே தேவையில்ல, அந்த டோக்கன பிரௌசர் தானா ஒட்டி அனுப்பாது, கோட்தான் எடுத்து வைக்கணும், அதனால ஏமாத்தி அனுப்ப வைக்கற பேச்சுக்கே இடமில்ல.

பிரௌசர்களே இப்ப குக்கிய கட்டுப்படுத்துதே, இன்னும் எதுக்கு இதெல்லாம்னு கேக்கறவங்க இருக்காங்க. குரோம் 2020ல சேம்சைட் லேக்ஸ டீஃபால்ட் ஆக்குச்சு, வேற சைட்லேருந்து வர்ற போஸ்ட்டுக்கு குக்கி போகாது, நல்ல விஷயம்தான். ஆனா லிங்க்க கிளிக் பண்ணிப் போற கெட்டுக்கு குக்கி போகும், அதனால கெட்ல எழுதற பக்கம் அப்பவும் ஆபத்துதான். அதோட ஆபீஸ் உள்ள இருக்கற ஷேர்பாயின்ட் நிறைய இடத்துல விண்டோஸ் லாகின்ல, கெர்பரோஸ் இல்லனா என்டிஎல்எம்ல ஓடுது, அங்க குக்கியே இல்ல, இன்ட்ராநெட் சைட்னு தெரிஞ்சா பிரௌசர் அடையாளத்த தானா நீட்டும், சேம்சைட் அதத் தடுக்காது.

எர்ரர் வந்ததும் எங்கேருந்து ஆரம்பிக்கணும்னா பிரௌசரோட நெட்வொர்க் டேப்லேருந்து. ரிக்வெஸ்ட் கெட்டா போஸ்ட்டா, போஸ்ட்னா டைஜெஸ்ட் போயிருக்கா, அதுல இருக்கற நேரம் என்ன, எந்த சைட்டுக்குப் போகுது, எழுதற நேரத்துல கோட் யாரா ஓடுது, எந்த எஸ்பிவெப்லேருந்து லிஸ்ட் வந்துது. இந்த வரிசையில போனா கோட்ட மாத்தறதுக்கு முன்னாடியே காரணம் தெரிஞ்சுரும். சர்வர் பக்கம், எர்ரரோட வர்ற கோரிலேஷன் ஐடிய வச்சு ஷேர்பாயின்ட்டோட யுஎல்எஸ் லாக்ல தேடினா ஸ்டாக் ட்ரேஸ்ல எந்த அப்டேட் விழுந்துதுனு வரும், ஒரே பட்டன்ல மூணு லிஸ்ட் எழுதற கோட்ல இது இல்லாம ஊகிக்கறது வீண்.

2016, 2019 வெர்ஷன் ரெண்டுக்கும் மைக்ரோசாஃப்ட் சப்போர்ட் முடியற தேதியா அறிவிச்சிருக்கறது 2026 ஜூலை 14, அதனால பழைய வெப் பார்ட்டுகள வேற இடத்துக்கு மாத்தற வேலை நிறைய டீம்ல வந்துருக்கும். ஷேர்பாயின்ட் ஆன்லைனுக்குப் போறவங்களுக்கு அங்க சர்வர் கோடே ஓட்ட முடியாது, அலோஅன்சேஃப்அப்டேட்ஸும் ரன்வித்எலிவேட்டட்பிரிவிலேஜஸும் அங்க கிடையாது, டைஜெஸ்ட் மட்டும் அப்படியே இருக்கு. மாத்தறதுக்கு முன்னாடி பழைய கோட்ல அந்த ரெண்டு பேரையும் தேடி எத்தன இடத்துல இருக்குனு ஒரு லிஸ்ட் எடுங்க. ரெண்டும் ஒண்ணா வர்ற இடம் ஒவ்வொண்ணும் யூசருக்கு இல்லாத உரிமைய அவர் பேர்ல யூஸ் பண்ற இடம், அதுக்கெல்லாம் ஆன்லைன்ல ஆப் பர்மிஷனோட மைக்ரோசாஃப்ட் கிளவுட்ல ஓடற ஒரு அஷ்யூர் ஃபங்ஷன் மாதிரி தனி சர்வீஸ் எழுத வேண்டியிருக்கும், பிளான்ல அதுக்கு நாள் ஒதுக்காம விட்டா கடைசி வாரத்துலதான் அது தெரிய வரும்.